இடிமழையின் நாள் தெரியும், இடம் தெரியாது

அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் பணியாற்றிய ஜான் ஃபின்லி, 1884ஆம் ஆண்டு டொர்னாடோ என்னும் சுழல்காற்றை முன்கூட்டியே சொல்லிப் பார்க்கும் சோதனையில் இறங்கினார். அதற்கு முன்பே 600 டொர்னாடோக்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி ஓர் அறிக்கையாக வெளியிட்டிருந்தார். ராக்கி மலைகளுக்குக் கிழக்கே உள்ள நிலப்பரப்பை 18 மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டு, மண்டலம் மண்டலமாக 'டொர்னாடோவுக்குச் சாதகம்', 'சாதகமில்லை' என்று குறித்து வந்தார். பலூன் அளவீடு இல்லை, ரேடார் இல்லை. தந்தி வழியாக வந்து சேர்ந்த நிலைய அளவீடுகளைக் கொண்டு வரைந்த வானிலை வரைபடம் ஒன்றுதான் அவருக்கு ஆதாரம்.

மொத்தம் 2,803 கணிப்புகள். அவற்றில் 96.6 விழுக்காடு சரியாக இருந்தன. அசந்துபோக வைக்கும் மதிப்பெண்தான். ஆனால் ஜி. கே. கில்பர்ட் என்ற நிலவியல் அறிஞர் அதே ஆண்டிலேயே அந்த மதிப்பெண்ணைப் பிரித்து மேய்ந்துவிட்டார். எல்லா இடத்திலும் எல்லா நாளும் கண்ணை மூடிக்கொண்டு 'வராது' என்று சொல்லியிருந்தால் 98.2 விழுக்காடு சரியாக இருந்திருக்கும்! அரிதாக நடக்கும் ஒன்றை 'நடக்காது' என்று சொல்லியே நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்பதற்கு இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் இதுதான் எடுத்துக்காட்டு.

ஃபின்லியைக் கேலி செய்வதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கை இன்னொரு பக்கமாகவும் படிக்கலாம். 'சாதகம்' என்று அவர் சொன்னது 100 முறை. அதில் 28 முறை டொர்னாடோ வந்தது, 72 முறை வரவில்லை. 'சாதகமில்லை' என்றது 2,703 முறை. அதில் 23 முறை வந்துவிட்டது. பொதுவாக 100க்கு 2 முறைகூட நடக்காத ஒன்று, அவர் விரல் காட்டிய இடங்களில் 100க்கு 28 முறை நடந்திருக்கிறது. ஏறக்குறைய 15 மடங்கு. தரைமட்டத்து அழுத்தத்தையும் வெப்பத்தையும் காற்றையும் மட்டும் காட்டிய ஒரு வரைபடத்துக்கு ஏதோ ஒன்று தெரிந்துதான் இருந்தது. எவ்வளவு தெரிந்திருந்தது, எந்த இடத்தில் அதன் அறிவு முடிந்துபோனது என்பதைத்தான் கடந்த 140 ஆண்டுகளாக இத்துறை அளந்துகொண்டிருக்கிறது.

ஃபின்லியின் சோதனைக்குப் பின் அதிகாரிகள் வேறு முடிவெடுத்தார்கள். டொர்னாடோவால் வரும் சேதத்தைவிட அந்தச் சொல்லால் வரும் பீதி மோசமானது என்று கருதி, முன்னறிவிப்புகளில் அந்தச் சொல்லையே தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். 1938 வரை இது நீடித்தது. அதற்குப் பிறகும் வானிலைத் துறையினருக்குத் தயக்கம் விடவில்லை. சொல்லைத் தடை செய்ததோடு ஆய்வும் படுத்துவிட்டது என்பதுதான் இதில் பெரிய நஷ்டம்.

மீண்டும் அந்த ஆய்வு எழுந்தது ஒரு ராணுவத் தளத்தில். 1948 மார்ச் 20 இரவு, ஒக்லஹோமா நகருக்கு அருகே உள்ள டிங்கர் விமானப்படைத் தளத்தில் கேப்டன் ராபர்ட் மில்லர் பணியில் இருந்தார். வேலைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கலிஃபோர்னியாக்காரர், சமவெளிப் புயல்களோடு பழக்கமில்லாதவர். காற்று பலமாக வீசும், இடிமழை இருக்காது என்பது அன்றைய அறிவிப்பு. இரவு 10 மணியளவில் டொர்னாடோ தளத்தின் நடுவிலேயே புகுந்தது. விமானங்கள் கவிழ்ந்தன, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கண்ணாடிகள் நொறுங்கின. சேதம் 1 கோடி டாலர் அளவுக்குப் போயிற்று. மறுநாளே வாஷிங்டனிலிருந்து விசாரணைக் குழு வந்திறங்கியது. இதை முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு அறிவியல் வளரவில்லை, இது தெய்வச் செயல் என்று தீர்ப்பாயிற்று.

தளத்தின் தலைவர் ஜெனரல் ஃபிரெட் போரம் அந்தத் தீர்ப்போடு விடவில்லை. மேஜர் எர்னஸ்ட் ஃபாபுஷையும் மில்லரையும் அழைத்து, முன்கூட்டிச் சொல்ல வழி இருக்கிறதா பாருங்கள் என்றார். இருவரும் பழைய டொர்னாடோ நாட்களின் வரைபடங்களை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். தரையில் ஈரம் எங்கிருந்து வந்தது, ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் காற்று எப்படி, ஐந்தாறு கிலோமீட்டரில் எப்படி என்று அடுக்கு அடுக்காகப் பார்த்தபோது, நாளுக்கு நாள் ஒரே சாயல் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

மார்ச் 25 காலை வரைபடம் வந்தது. 20ஆம் தேதியின் நகல் போல இருந்தது. பிற்பகலில் மேற்கே இடிமேகங்கள் வரிசை கட்டத் தொடங்கின. 'டொர்னாடோ என்று அறிவிக்கப் போகிறீர்களா?' என்று ஜெனரல் கேட்டார். ஐந்தே நாளில் அதே தளத்தை இரண்டாம் முறை டொர்னாடோ தாக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட யாருக்குத் துணிவு வரும்? தயங்கித் தயங்கித்தான் எழுதினார்கள். பிற்பகல் 2.50க்கு அறிவிப்பு வெளியானது. விமானங்களைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள், ஆட்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பினார்கள். வேலை போயிற்று என்ற மனநிலையில் மில்லர் வீட்டுக்குப் போய்விட்டார். மாலை 6 மணியளவில் டொர்னாடோ தளத்தைக் கடந்தது. அவர் அதை வானொலியில்தான் கேட்டார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் அறிவியலின் வெற்றி என்று சொல்லி முடிப்பார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அன்று ஒக்லஹோமா பகுதியில் கடும் புயல் வரும் என்பது அறிவியல். அது சரியாக டிங்கர் தளத்தின் மேலேயே வந்தது அதிர்ஷ்டம், அல்லது துரதிர்ஷ்டம். இருபது கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தால் கணிப்பின் தரம் அணுவளவும் குறைந்திருக்காது. ஆனால் வரலாற்றில் இருவர் பெயரும் இடம்பெற்றிருக்குமா என்பது சந்தேகம்.

அந்தச் சாயல் என்ன, அது ஏன் புயலைக் கொண்டுவருகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அமெரிக்கச் சமவெளிக்குத் தெற்கே மெக்சிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான நீர். மேற்கே ராக்கி மலைகளும் மெக்சிகோவின் உயர்ந்த வறண்ட பீடபூமியும். வடக்கே குளிர்காற்றைத் தடுக்க மலை எதுவும் இல்லை. வசந்தத்தில் இவற்றின் மேலே, பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று பாய்கிறது. அது நேர்கோட்டில் பாயாது, வளைந்து வளைந்து அலையாகப் போகும். பசிபிக்கிலிருந்து ஓர் அழுத்தத் தாழ்வு அலை ராக்கியைத் தாண்டும்போது மலையின் கிழக்குச் சரிவில் தரையழுத்தம் குறைகிறது. அந்தத் தாழ்வை நோக்கி வளைகுடாவின் ஈரக்காற்று தெற்கிலிருந்து விரைந்து வருகிறது. அதே நேரத்தில் பீடபூமியில் சூடேறிய வறண்ட காற்று, இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில், அந்த ஈரக்காற்றின் தலைமேல் வந்து படிகிறது.

வானிலையாளர்கள் இந்த வறண்ட அடுக்கை மூடி என்பார்கள். குக்கர் மூடி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மூடி இல்லாவிட்டால் ஈரக்காற்று காலையிலிருந்தே சிறுசிறு மேகங்களாக எழுந்து, சிறு தூறலாகத் தன் சக்தியைச் செலவழித்துவிடும். மூடி இருப்பதால் பிற்பகல் வரை ஈரமும் வெப்பமும் அடியிலேயே சேர்ந்துகொண்டே போகின்றன. வெயில் ஏறி, கீழே காற்று குவிந்து, ஏதாவது ஓரிடத்தில் மூடி உடைந்தால் சேர்ந்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் மேலே பீறிடும். ஒரு மணி நேரத்துக்குள் பதினைந்து கிலோமீட்டர் உயர மேகம் நிற்கும். மூடி மிகவும் உறுதியாக இருந்தாலோ ஒன்றுமே நடக்காது. எச்சரிக்கை கொடுத்த நாளில் மாலை வரை நீல வானமும் வெயிலுமாகவே இருக்கும். வெடிக்கும் நாளுக்கும் வெறும் நாளுக்கும் உள்ள வேறுபாடு, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றிரண்டு பாகை வெப்பம் கூடுவதிலும் குறைவதிலும் இருக்கிறது.

இதுவரை சொன்னது இடிமழைக்குப் போதும். டொர்னாடோவுக்கும் பெரிய ஆலங்கட்டி மழைக்கும் இன்னொன்று வேண்டும்: உயரம் ஏற ஏறக் காற்றின் திசையும் வேகமும் மாற வேண்டும். தரையில் தென்கிழக்கிலிருந்து மிதமாக, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தெற்கிலிருந்து வேகமாக, ஆறு கிலோமீட்டரில் தென்மேற்கிலிருந்து இன்னும் வேகமாக. இப்படி அடுக்கடுக்காகக் காற்று மாறும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. மேலெழும் காற்றோட்டம் ஓரிடத்திலும் மழை வேறிடத்திலும் அமைவதால், புயல் தன் மழையாலேயே மூச்சடைத்துச் சாவதில்லை, பல மணி நேரம் வாழ்கிறது. தரைக்கு இணையாகப் புரண்டுகொண்டிருந்த காற்றின் சுழற்சி, மேலெழும் ஓட்டத்தில் சிக்கிச் செங்குத்தாக நிமிர்வதால் புயல் முழுவதுமே சுழலத் தொடங்குகிறது. இதைத்தான் சூப்பர்செல் என்கிறார்கள். தரைக்கும் ஆறு கிலோமீட்டருக்கும் இடையே காற்று வேறுபாடு நொடிக்கு 20 மீட்டர் அளவுக்கு இருந்தால் சூப்பர்செல் உருவாகலாம் என்பது நடைமுறைக் கணக்கு.

சென்னையிலோ மதுரையிலோ கோடையில் 'வெப்பச்சலனம் காரணமாக' பெய்யும் மழையை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். ஈரம் இருக்கிறது, வெப்பத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் நம் தலைக்கு மேலே காற்று பெரும்பாலும் மந்தமானது. மேகம் நேராக எழுந்து, தன் மேலேயே மழையைக் கொட்டி, அந்தக் குளிர்ந்த இறக்கக் காற்றிலேயே ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். மரம் சாயும், மின்னல் உயிரைப் பறிக்கும், ஆனால் சுழலும் புயல் நமக்கு அபூர்வம்.

அமெரிக்கச் சாயல் அப்படியே இருப்பது நம் நாட்டின் வேறொரு மூலையில். ஏப்ரல் மாத வங்காளத்தைப் பாருங்கள். தெற்கே வங்கக் கடலின் ஈரம், மேற்கே சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தின் வறண்ட வெப்பக்காற்று, மேலே இமயத்துக்குத் தெற்காக ஓடும் மேற்கத்திய ஜெட். அங்கே மாலை வேளைகளில் வடமேற்கிலிருந்து பாயும் புயலுக்கு 'கால்பைசாகி' என்று பெயர். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் வீசிய டொர்னாடோவில் 1,300 பேர் வரை இறந்தார்கள். உலகில் பதிவானவற்றுள் மிக அதிக உயிர்களைக் குடித்த டொர்னாடோ அதுதான். ஜூனில் பருவமழை தொடங்கி ஜெட் காற்று இமயத்துக்கு வடக்கே போனதும் இந்தக் கடும் புயல்கள் குறைந்துவிடுகின்றன. ஈரம் அப்போதுதான் உச்சம். கூட்டிலிருந்து ஒரே ஒரு பொருளை உருவினாலும் புயல் கலைந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

டிங்கர் வெற்றிக்குப் பின் மில்லர் இதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டார். ஒவ்வொரு உயரத்தின் முக்கியக் கோடுகளையும் வெவ்வேறு நிறங்களில் ஒரே தாளில் வரைந்து, அவை எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்று பார்ப்பது அவர் முறை. கடும் புயல் தரும் வரைபடங்களை ஐந்து வகைகளாகப் பிரித்துக் கையேடே எழுதினார். ஒரு தலைமுறை முன்னறிவிப்பாளர்கள் அதை வைத்துத்தான் தொழில் கற்றார்கள்.

ஆனால் சாயல் பார்த்துச் சொல்வதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பாடப்புத்தகப் படம் போலிருந்தும் ஒன்றும் நடக்காத நாட்கள் உண்டு, எந்த வகையிலும் சேராமல் வந்து கொன்றுவிட்டுப் போகும் நாட்களும் உண்டு. சார்ல்ஸ் டாஸ்வெல் போன்ற வானிலை ஆய்வாளர்கள் 1990களில் இதைத்தான் வற்புறுத்தினார்கள்: படத்தின் முகஜாடையைப் பார்க்காதே, ஈரம், நிலையின்மை, தூண்டுதல், காற்று வேறுபாடு ஆகிய பொருட்கள் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் கூடுகின்றனவா என்று பார். சாயல் என்பது அந்தப் பொருட்கள் வந்து சேரும் வழிகளில் ஒன்று மட்டும்.

1999 மே 3 இதற்கு நல்ல பாடம். அன்று காலை ஒக்லஹோமாவுக்கு மிகச் சாதாரணமான அளவு எச்சரிக்கைதான் இருந்தது. கணினி மாதிரிகள் மேலடுக்குக் காற்று பலவீனம் என்றன. உயர்மேகங்கள் வேறு வெயிலை மறைத்தன. அப்போது நியூ மெக்சிகோவின் டுகும்காரி என்ற ஊரில் இருந்த, மேல்காற்றை அளக்கும் கருவி, மாதிரிகள் சொன்னதைவிட வேகமான காற்று தலைக்கு மேலே வந்துகொண்டிருப்பதைக் காட்டியது. முன்னறிவிப்பாளர்கள் மாதிரியை ஒதுக்கிவிட்டு அளவீட்டை நம்பினார்கள். முற்பகலில் எச்சரிக்கையை ஒரு படி உயர்த்தி, பிற்பகல் 3.49க்கு உச்சநிலைக்குக் கொண்டுபோனார்கள். மாலையில் பிரிட்ஜ் க்ரீக், மூர் ஊர்களை ஊடறுத்துப் போன டொர்னாடோவில் நடமாடும் ரேடார் அளந்த காற்றின் வேகம் மணிக்கு 480 கிலோமீட்டருக்கும் மேல். 36 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு கருவியின் அளவு அன்று பெரிய வரைபடத்தையே திருத்தி எழுதியது. அந்த வகைக் கருவிகளின் வலையமைப்பைப் பின்னாளில் மூடிவிட்டார்கள் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

2011 ஏப்ரல் 27 இதற்கு நேர் எதிர். அலபாமாவையும் சுற்றுவட்டாரத்தையும் நோக்கி வந்த தாழ்வு அலை பல நாட்களுக்கு முன்பே மாதிரிகளில் பளிச்சென்று தெரிந்தது. நார்மன் நகரில் உள்ள புயல் முன்னறிவிப்பு மையம் நாட்கணக்கில் முன்கூட்டியே அந்த வட்டாரத்தைக் குறித்து வைத்தது. அன்று உச்சநிலை எச்சரிக்கையும் இருந்தது. இருந்தும் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்னறிவிப்பு சரியாக இருந்தால் உயிர் தானாகப் பிழைத்துவிடும் என்று நம்புவது வெகுளித்தனம். எச்சரிக்கை கேட்டவருக்கு ஒதுங்க உறுதியான கட்டடம் வேண்டும்.

நாட்கணக்கில் ஒன்றைச் சொல்ல முடிகிறது, மணிக்கணக்கில்தான் இன்னொன்றைச் சொல்ல முடிகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணத்தை வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1969இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அலைகளில் பிழை மெதுவாக வளரும், அதனால் அவற்றை ஒரு வாரம் முன்பே ஓரளவு காணலாம். இடிமேக அளவில் பிழை மணிக்கணக்கில் பெருகிவிடும். ஆகவே ஐந்து நாள் முன்னறிவிப்பில் எந்த மேகமும் தெரியாது. தெரிவது அலை மட்டும். மேகத்தை அலையிலிருந்து ஊகிக்க வேண்டும். ஊகம் என்பதால் அது எப்போதும் நிகழ்தகவாகத்தான் வரும். அமெரிக்க மையம் 'டொர்னாடோ வாய்ப்பு 10 விழுக்காடு' என்றால், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குள் ஒன்று வர 10க்கு 1 வாய்ப்பு என்று பொருள். கேட்கச் சிறிய எண். சாதாரண நாளோடு ஒப்பிட்டால் பல மடங்கு பெரியது.

அண்மைக் காலத்தில் வேடிக்கையான ஒரு திருப்பம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுப் பழைய மாதிரி வரைபடங்களையும் உண்மையில் நடந்த புயல்களையும் கணினிக்குக் கொடுத்து, எந்தச் சாயலில் எவ்வளவு ஆபத்து என்று கற்க வைத்தார்கள். அது பல நாள் முன்னறிவிப்பில் மனிதருக்கு நல்ல துணையாக இருக்கிறது. முகஜாடை பார்க்காதே என்று கற்றுக்கொடுத்த துறையில், முகஜாடை பார்ப்பதையே இயந்திரம் திறம்படச் செய்கிறது. மில்லர் ஐந்து வகை என்றார், இயந்திரத்துக்கு வகைக் கணக்கே இல்லை.

வாரக்கணக்கிலும் பார்க்க முயல்கிறார்கள். வெப்பமண்டலப் பசிபிக் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் லா நினா வசந்தங்களில் தெற்குச் சமவெளிகளில் ஆலங்கட்டியும் டொர்னாடோவும் கூடுகின்றன என்று ஜான் ஆலன், மைக்கேல் டிப்பெட், ஆடம் சோபல் ஆகியோர் 2015இல் காட்டினார்கள். 2011உம் லா நினாவின் வசந்தமே. விக்டர் ஜென்சினி குழுவினர் இன்னும் ஒரு படி போய், வெப்பமண்டலப் பசிபிக்கின் மழைமேகத் தொகுதிகள் நகர்வதைக் கொண்டு ஜெட் காற்று எங்கே வளையும் என்று ஊகித்து, 2019 மே மாதக் கடைசி வாரங்கள் மோசமாக இருக்கும் என்று ஏறக்குறைய நான்கு வாரம் முன்பே சொன்னார்கள். அப்படியே நடந்தது. நாள் தவறாமல் டொர்னாடோக்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லா ஆண்டும் இது பலிக்காது. வளிமண்டலம் தெளிவாகப் பேசும் சில தருணங்களில் மட்டுமே பலிக்கும். அதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

அந்த வாரங்களுக்குள்தான் மே 20 வந்தது. மேற்கு டெக்சாஸ், ஒக்லஹோமா வரைபடத்தில் எல்லாப் பொருளும் உச்சத்தில் இருந்தன. உச்சநிலை எச்சரிக்கை விடுத்தார்கள். பிற்பகலில் வெளியான கண்காணிப்பு அறிவிப்பில் வலுவான டொர்னாடோவுக்கான வாய்ப்பு 95 விழுக்காட்டுக்கும் மேல் என்றிருந்தது. ஒக்லஹோமா நகரில் பள்ளிகளை முன்கூட்டியே மூடினார்கள். டொர்னாடோக்கள் வரத்தான் செய்தன, ஆனால் அஞ்சிய பேரழிவு வரவில்லை. புயல்கள் ஒன்றோடொன்று நெருங்கி எழுந்து தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டது ஒரு காரணம், மூடி எதிர்பார்த்ததைவிடச் சற்றே உறுதியாக இருந்தது இன்னொரு காரணம் என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். மாதத்தை நான்கு வாரம் முன்பே சரியாகச் சொல்ல முடிந்தது, அந்த மாதத்தின் மிக உறுதியான நாளை அன்று பிற்பகலில்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் பலர் கேலி பேசினார்கள். சும்மா பயமுறுத்திவிட்டார்கள் என்றார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. சரியாக ஆறு ஆண்டுகளுக்கு முன், 2013 மே 20 பிற்பகல், பள்ளி விடும் நேரத்தில் மூர் நகரை டொர்னாடோ தாக்கியது. இறந்த 24 பேரில் 7 பேர் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளியின் குழந்தைகள். 2019 மே 20இன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிகளை மூடியவர்கள் எடுத்தது சரியான முடிவு.